கேபிள் கழன்ற பிறகும் 14.2 கிலோ: கருவியின் இணைப்பு அறுந்தால் டிரைவர் நிரல் என்ன செய்ய வேண்டும்?

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட். கேரளாவுக்குப் போக வேண்டிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கமிஷன் மண்டியில் தக்காளிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக எலக்ட்ரானிக் தராசில் ஏறி இறங்குகின்றன. தராசிலிருந்து ஒரு கேபிள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. தராசு காட்டும் எடை தானாகவே பில்லில் ஏறிவிடும். யாரும் டைப் அடிக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு சின்ன விபத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுமை தூக்குபவரின் காலில் சிக்கி அந்தக் கேபிள் கழன்றுவிடுகிறது. யாரும் கவனிக்கவில்லை. கடைசியாக வைத்த பெட்டி 14.2 கிலோ. அடுத்த பெட்டி 15.6 கிலோ. தராசின் முகப்பில் 15.6 என்றுதான் ஒளிர்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் 14.2. அதற்கடுத்த பெட்டிக்கும் 14.2. அதற்கும் அடுத்ததற்கும் அதே 14.2. ஐம்பது பெட்டி போன பிறகுதான் ஒருவர் கேட்கிறார்: "ஏங்கண்ணா, எல்லாப் பொட்டியும் ஒரே எடையா வருது?"

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தராசு கடைசி வரை சரியாகத்தான் எடை போட்டது. ஆனால் பெட்டிக்குச் சராசரியாக ஒரு கிலோ விட்டுப்போயிருந்தால், 50 பெட்டியில் 50 கிலோ விவசாயியின் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கும். தவறு நடந்த இடம் தராசுக்கும் பில்லுக்கும் நடுவில் இருந்த நிரல். இணைப்பு அறுந்ததை அது கவனிக்கவில்லை. கவனிக்காததால், பழைய எண்ணையே புதியதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

மண்டியின் தராசு முதல் பெரிய டேட்டா சென்டர்களின் சர்வர் வரை, கருவிகளோடு பேசும் நிரல் எழுதுபவர்கள் எல்லோரும் சந்திக்கும் சிக்கல் இது.

டிரைவர் என்பது யார்?

மண்டியில் விவசாயிக்கும் வெளியூர் வியாபாரிக்கும் நடுவில் தரகர் இருக்கிறார் அல்லவா? கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வதுதான் டிவைஸ் டிரைவர். பில்லிங் செயலிக்குத் தராசின் மொழி தெரியாது. தராசுக்குப் பில் என்றால் என்னவென்று தெரியாது. கருவி அனுப்பும் மின் சமிக்ஞையை எண்ணாக மாற்றி மேலே கொடுப்பது டிரைவரும், அதையொட்டி எழுதப்படும் படிப்பு நிரலும்தான்.

அதனால் டிரைவர் சொல்வதுதான் மேலே உள்ள செயலிக்கு வேதவாக்கு. "எடை 14.2" என்று டிரைவர் சொன்னால், அது இந்த நொடியில் வந்த எண்ணா, ஐந்து நிமிடத்துக்கு முன்பு வந்த எண்ணா என்று செயலிக்குத் தெரிய வழியில்லை. டிரைவர் பிரித்துச் சொன்னால்தான் உண்டு.

அறுந்த இணைப்பு அமைதியாக இருக்காது

போன் லைன் கட்டானால் மறுமுனையில் சத்தமே இருக்காது. கருவியின் இணைப்பும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் ஏதோ ஒரு எண் வந்துகொண்டே இருக்கும். அது நான்கு விதமாக வரலாம்.

முதலாவது, பழைய எண். மேலே பார்த்த மண்டிக் கதை இதுதான். பல தராசுகள் பழைய சீரியல் போர்ட் வழியாக, நொடிக்குப் பலமுறை எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். எளிய மூன்று கம்பி சீரியல் இணைப்பில் "மறுமுனையில் ஆள் இருக்கிறாரா" என்று தெரிந்துகொள்ள எந்த ஏற்பாடும் கிடையாது. கம்பி கழன்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. புதிய எண் வருவது மட்டும் நிற்கும். நிரல் அதைக் கவனிக்காவிட்டால் கடைசி எண் திரையில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, பூஜ்யம். டேட்டா கம்பி தரையோடு ஒட்டிக்கொண்டால் வருவதெல்லாம் 0. தராசுக்கு 0 என்பது நியாயமான விடைதான். தட்டு காலியாக இருந்தால் 0 தானே வரும்? ஆக, காலித் தட்டுக்கும் செத்த கம்பிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது.

மூன்றாவது, எல்லா பிட்டும் 1. பல மின்சுற்றுகளில், யாரும் பேசாத கம்பி தானாகவே உயர் நிலைக்குப் போய்விடும். எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் தராசு புராஜெக்டுக்கு வாங்கும் எச்எக்ஸ்711 என்ற சிப் 24 பிட் எண்ணைத் தருவது. 24 பிட்டும் 1 ஆக வந்தால், குறியுள்ள எண்ணாக அதன் மதிப்பு −1. பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அப்பாவி எண். யாருக்குச் சந்தேகம் வரும்?

நான்காவது, வராத பதிலுக்காக முடிவில்லாத காத்திருப்பு. அதே எச்எக்ஸ்711 தயாரானதும் தன் டேட்டா கம்பியைக் கீழ் நிலைக்கு இறக்கும். கம்பி அறுந்தால் அது இறங்கவே இறங்காது. இந்தச் சிப்புக்காகப் பரவலாகப் புழங்கிய ஒரு நிரல் நூலகத்தின் பழைய பதிப்பு, "தயாரா? தயாரா?" என்று கெடுவே இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு கம்பி கழன்றால் மொத்தக் கருவியும் உறைந்துவிடும். பிறகுதான் இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று கெடு வைக்கும் வசதி அதில் சேர்ந்தது.

சர்வர் அறையில் 429 கோடி

இதே சிக்கலின் பெரிய வடிவம் சர்வர்களில் இருக்கிறது. நெட்வொர்க் கார்டு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவை பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதை வழியாக பிராசஸரோடு இணைகின்றன. அந்தப் பாதை திடீரென அறுந்தால், அதாவது கார்டு தளர்ந்தாலோ மின்சாரம் இழந்தாலோ, அந்தக் கருவியிடம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பொதுவாகத் திரும்பி வருவது 32 பிட்டும் 1 என்ற பதில். பத்தடிமான எண்ணாகச் சொன்னால் 4,29,49,67,295. அதாவது 429 கோடிக்கு மேல்.

இந்த எண்ணை அப்படியே நம்பினால் என்ன ஆகும்? கருவியின் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு பிட்டும் ஒரு கேள்விக்கான பதில். "இணைப்பு உண்டா?" ஆம். "டேட்டா வந்திருக்கிறதா?" ஆம். "இன்னும் வேலையில் இருக்கிறாயா?" ஆம். "பிழை உண்டா?" அதற்கும் ஆம். எதைக் கேட்டாலும் தலையாட்டும் ஆளிடம் விசாரணை நடத்துவதுபோல. "வேலை முடியும் வரை காத்திரு" என்று எழுதப்பட்ட நிரல் துண்டு ஆயுள் முழுக்கக் காத்திருக்கும். "எத்தனை பாக்கெட் வந்திருக்கிறது?" என்று கேட்ட நிரல், 429 கோடி என்ற பதிலை நம்பி, இல்லாத நினைவகத்தைத் துழாவப் போகும். அதோடு மொத்த சர்வரும் படுத்துவிடலாம். செத்தது ஒரு கார்டு. ஆனால் நின்றுபோவது அந்த சர்வரில் ஓடிக்கொண்டிருந்த எல்லாமே.

லினக்ஸில் இன்டெல்லின் கிகாபிட் நெட்வொர்க் கார்டுகளுக்கான ஐஜிபி என்ற டிரைவர் இதைக் கையாளும் விதம் படிக்கத் தகுந்தது. ஒரு ரெஜிஸ்டரைப் படித்து எல்லாம் 1 என்று வந்தால், அது உடனே முடிவுக்கு வருவதில்லை. சில நேரம் அது உண்மையான பதிலாகவும் இருக்கலாம். ஆகவே, இயல்பான நிலையில் ஒருபோதும் எல்லாம் 1 ஆக இருக்க முடியாத வேறொரு ரெஜிஸ்டரை இரண்டாவது சாட்சியாக விசாரிக்கிறது. அங்கும் எல்லாம் 1 என்றால்தான் "இணைப்பு போய்விட்டது" என்று லாக்கில் எழுதுகிறது. அந்த நெட்வொர்க் கார்டு இனி இல்லை என்று மேலே சொல்லிவிடுகிறது. தன்னிடம் இருந்த கருவியின் முகவரியையும் அழித்துவிடுகிறது. அதன் பிறகு டிரைவரின் வேறு எந்தப் பகுதி இந்த வழியாகக் கேட்டாலும், செத்த கருவியைத் தொடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

1,950 அடி உயரத்தில் −8

இதெல்லாம் பில்லும் சர்வரும் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தானா? இல்லை. 2009 பிப்ரவரி 25 அன்று, ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் இறங்க வந்த துருக்கிய ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தில், தரையிலிருந்து உயரத்தை அளக்கும் இடதுபக்க ரேடியோ உயரமானி பழுதடைந்தது. சுமார் 1,950 அடி உயரத்தில் பறந்தபோதே அது −8 அடி என்று காட்டியது. வலதுபக்க உயரமானி சரியாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு இடதுபக்கத்தை நம்பியது. விமானம் தரையைத் தொடப்போகிறது என்று எடுத்துக்கொண்டு எஞ்சின்களின் வேகத்தைக் குறைத்துவிட்டது. விமானக் குழுவினர் உணர்ந்து சரிசெய்வதற்குள் விமானம் விழுந்தது. 135 பேரில் 9 பேர் இறந்தார்கள்.

இது கேபிள் கழன்ற கதை அல்ல. அளவுமானி தவறிய கதை. ஆனால் நிரலின் கண்ணிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கருவி மௌனமாகப் போகவில்லை. நம்பக்கூடிய தோற்றத்தில் ஒரு எண்ணைக் கொடுத்தது. பக்கத்திலேயே இருந்த இன்னொரு சாட்சியை அந்த அமைப்பு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ரேஷன் கடையும் 20 விநாடியும்

நம் ஊருக்குத் திரும்புவோம். ரேஷன் கடைகளில் எலக்ட்ரானிக் தராசையும் பி.ஓ.எஸ். கருவியையும் இணைப்பதை ஊக்குவிக்க, மத்திய அரசு 2021 ஜூனில் உணவுப் பாதுகாப்பு விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 34,000-க்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள் இருக்கின்றன. இங்கே தராசையும் பி.ஓ.எஸ். கருவியையும் புளூடூத் வழியாக இணைக்கும் வேலை 2025-ல் வேகம் பிடித்தது. சரியான எடை தராசில் வைக்கப்பட்டால்தான் ரசீது வரும் என்பது இதன் அடிப்படை. எடை குறைகிறது என்ற பழைய புகாருக்கு இது நல்ல மருந்து. அதேநேரம், ஒவ்வொரு பொருளுக்கும் கூடுதல் நேரம் பிடிக்கிறது, வரிசை நீள்கிறது என்று ஊழியர்கள் தரப்பில் குறையும் எழுந்தது.

புளூடூத் இணைப்பில் கம்பியே கிடையாது. ஆகவே கழன்றது கண்ணுக்கும் தெரியாது. வழக்கமான புளூடூத் தரத்தில், எதிர்முனை பதில் சொல்லாமல் போனால் "இணைப்பு அறுந்தது" என்று அறிவிக்கும் முன் காத்திருக்கும் நேரம், மாற்றி அமைக்காவிட்டால், 20 விநாடி. தராசின் பேட்டரி தீர்ந்தால்கூட, 20 விநாடி வரை இணைப்பு உயிரோடு இருப்பதாகவே மறுமுனை நினைக்கலாம். ரேஷன் கடையிலோ மண்டியிலோ 20 விநாடி என்பது சின்ன நேரமல்ல. அதற்குள் அடுத்தவரின் சர்க்கரை தட்டில் ஏறியிருக்கும்.

எனவே இணைப்பின் கீழ்த்தளம் சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது. தராசு நொடிக்குப் பலமுறை எடை அனுப்ப வேண்டும் என்றால், ஒரு நொடி எதுவும் வராவிட்டாலே திரையில் எண்ணை அழித்துவிட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இணைப்பு லேசாக விட்டுவிட்டு வந்தாலே எல்லாவற்றையும் நிறுத்தி, "மறுபடி ஆன் பண்ணுங்க" என்று அடம்பிடிக்கும் நிரலும் ஆபத்துதான். வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள். வேலை செய்பவர் குறுக்குவழி தேடுவார். "சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க" என்ற வாசகம் நம் எல்லோருக்கும் பழக்கம்தானே? அறுந்ததைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. சட்டென்று ஒழுங்காக மீண்டு வருவது மீதிப் பாதி.

அப்படியானால் நிரல் என்ன செய்ய வேண்டும்?

1. "தெரியாது" என்பதற்குத் தனி இடம் கொடுங்கள். எடை என்ற ஒரே எண்ணை மட்டும் மேலே அனுப்பாமல், எடை, அது வந்த நேரம், அது செல்லுமா செல்லாதா என்ற மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பூஜ்யம் என்பது ஒரு பதில். "தெரியாது" என்பது வேறு பதில். இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால் பிறகு பிரிக்க முடியாது.

2. காத்திருப்புக்குக் கெடு வையுங்கள். கருவியின் பதிலுக்காக நிற்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு கட்டத்தில் முடிய வேண்டும். லினக்ஸ் கர்னலில் இதற்கென்றே கெடுவோடு காத்திருக்கும் ஆயத்த வசதிகள் இருக்கின்றன.

3. சந்தேகம் வந்தால் இரண்டாவது சாட்சி கேளுங்கள். ஐஜிபி டிரைவர் செய்வதுபோல, ஒரே ஒரு விசித்திரமான எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் சாட்சியும் அதையே சொன்னால் தயங்கவும் வேண்டாம்.

4. முடிவான பிறகு தொடாதீர்கள். "இல்லை" என்று ஒருமுறை குறித்துவிட்டால், நிரலின் எல்லாப் பகுதிகளும் அந்தக் குறியைப் பார்த்துத் திரும்ப வேண்டும். ஒரு பகுதி விலகி நிற்க, இன்னொரு பகுதி செத்த கருவியிடம் பேசிக்கொண்டிருப்பதுதான் பல கோளாறுகளின் தொடக்கம்.

5. சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி கருவியைப் பிடுங்கியதும் டிரைவர் தன் நினைவகத்தை உடனே காலி செய்துவிட்டால், அந்தக் கருவியை இன்னும் திறந்து வைத்திருக்கும் செயலி, காலியான இடத்துக்குள் கை விடும். வீட்டை இடித்த பிறகு பழைய சாவியோடு ஒருவர் கதவைத் தேடுவதுபோல. கடைசி ஆள் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகே இடிக்க வேண்டும். அதற்காகத்தான் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை கர்னல் வைத்துக்கொள்கிறது.

6. திரும்பி வந்தால் புதியவராக வரவேற்கவும். கேபிளை மறுபடி மாட்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது தவறு. நடுவில் தராசு அணைந்து எழுந்திருக்கலாம். தட்டில் வேறு பொருள் இருக்கலாம். யூஎஸ்பி வழியாக இணைந்த சீரியல் போர்ட் என்றால், வேறு எண்ணோடுகூடத் திரும்பி வரலாம். லினக்ஸில் பிசிஐ பிழை மீட்பு இதைப் படிப்படியாகச் செய்கிறது: முதலில் டிரைவருக்குப் பிழையை அறிவிப்பது, பிறகு கார்டை ரீசெட் செய்வது, டிரைவர் அதைப் புதிதாகத் தயார் செய்வது, கடைசியில்தான் வேலையைத் தொடர்வது.

ரயில்காரர்களுக்கு 1872-லேயே தெரியும்

இந்தச் சிந்தனை கம்ப்யூட்டருக்கு முந்தையது. ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் திண்டுக்கல் - பழநி - பாலக்காடு ரயில் பாதையில் பயணம் செய்தவர்கள் சிக்னலுக்காக நின்றிருப்பார்கள். 1872-ல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் உருவாக்கிய தடச் சுற்று, ரயில் சிக்னல் முறைகளின் அடித்தளங்களில் ஒன்று. தண்டவாளம் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் வரைதான் "பாதை காலி" என்று அர்த்தம். ரயில் ஏறினால் மின்சாரம் சக்கரங்கள் வழியாகத் திசைமாறி, சிக்னல் ஆபத்து நிலைக்குப் போகும். கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் அதே நிலைதான். "பாதை காலி" என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாவிட்டால் சிவப்பு.

தொழிற்சாலைகளிலும் இதே தந்திரம் உண்டு. அழுத்தம், நீர்மட்டம் போன்றவற்றை அளக்கும் கருவிகள் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அளவை அனுப்புகின்றன. ஏன் 0-வில் தொடங்காமல் 4-ல் தொடங்க வேண்டும்? தொட்டி காலி என்றால் 4. கம்பி அறுந்தால் 0. காலித் தொட்டிக்கும் அறுந்த கம்பிக்கும் நடுவில் தெளிவான இடைவெளி. முன்பு பார்த்த "தெரியாது என்பதற்குத் தனி இடம்" இங்கே மின்சாரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஏன் பல நிரல்கள் இதைத் தவறவிடுகின்றன?

ஏனென்றால் அலுவலக மேசையில் கேபிள் கழல்வதே இல்லை. ஏசி அறையில், புத்தம்புதிய தராசோடு, டெமோ நன்றாகவே ஓடும். மண்டியின் ஈரம், தூசி, எலி, லாரி அதிர்வு, ஆடும் மின்சாரம் எதுவும் அங்கே கிடையாது. இணைப்பு அறுந்தால் ஓட வேண்டிய நிரல் வரிகள் எழுதப்பட்டிருந்தாலும், பல நேரம் ஒருமுறைகூட ஓடிப் பார்க்கப்படாமல் விற்பனைக்குப் போய்விடுகின்றன.

சோதிக்கப் பெரிய செலவில்லை. கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். தொடங்கும் முன் ஒருமுறை, எடை மாறிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை, பில் அச்சாகும்போது ஒருமுறை. வேறு யூஎஸ்பி துளையில் மாட்டிப் பாருங்கள். தராசை மட்டும் அணைத்துப் பாருங்கள். அப்போது கேபிள் அப்படியே இருக்கும், பேச்சு மட்டும் நிற்கும். சர்வர் பக்கம் வேலை செய்பவர்களுக்கு, பிசிஐ கருவியை மென்பொருள் வழியாகவே கழற்றிவிட்டு மீண்டும் சேர்க்கும் வசதி லினக்ஸில் இருக்கிறது. அது முதல்படி மட்டும்தான். கார்டு சொல்லாமல் கொள்ளாமல் போவதை முழுதாகச் சோதிக்க, தகுந்த ஸ்லாட்டில் நிஜமாகவே பிடுங்க வேண்டும்.

அதே மண்டி, அதே கேபிள்

ஒழுங்காக எழுதப்பட்ட நிரலோடு முதல் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்ப்போம். காலில் சிக்கிக் கேபிள் கழல்கிறது. ஒரு நொடிக்குள் திரையில் 14.2 மறைந்து நான்கு கோடுகள் தெரிகின்றன. பீப் சத்தம் வருகிறது. எடை ஏற்றும் பட்டன் வேலை செய்யாது.

"தம்பி, வயரு கழண்டுருச்சு பாரு."

மாட்டுகிறார்கள். நிரல் தராசோடு புதிதாகப் பேச்சைத் தொடங்குகிறது; தட்டைக் காலி செய்யச் சொல்லி, பூஜ்யம் வந்ததும் கோடுகளை எடுக்கிறது. ஒருவேளை கேபிளே பழுது என்றால், எடையைக் கையால் பதியலாம். ஆனால் பில்லில் அந்த வரிக்குப் பக்கத்தில் "கைப்பதிவு" என்று அச்சாகும். நாளை யாராவது கேட்டால் எந்த எடை தராசிலிருந்து வந்தது, எது மனிதர் எழுதியது என்று தெரியும்.

அடுத்த பெட்டி தட்டில் ஏறுகிறது. தராசின் முகப்பில் 15.6. திரையிலும் 15.6.